கல்லா... மண்ணா?

சின்ன வயசில் 'கல்லா மண்ணா' ஆடாதவர்கள் கையைத் தூக்குங்க பார்க்கலாம்! திண்ணை, படிக்கட்டு, துவைக்கிற கல் எல்லாம் 'கல்'. மிச்சத் தெரு முழுக்க 'மண்'. பிடிக்கிறவனிடம் "கல்லா, மண்ணா?" என்று கேட்போம். அவன் "மண்ணு" என்று சொல்லிவிட்டால் மண் முழுக்க அவன் ராஜ்யம். காலை வைத்தால் அவுட். எங்கள் தெருவில் எல்லா ஆட்டமும் ஒரே சண்டையில்தான் முடியும். "டேய், நான் நின்னது கல்லுடா!" "போடா, அதுல சிமென்ட் பேந்து போச்சு, அது மண்ணுதான்!"

இதே சண்டையை வளர்ந்த ஆட்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கோர்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள் என்றால் நம்புவீங்களா?

2006 ஜனவரி. கியூபாவிலிருந்து ஒரு சின்னப் படகில் 15 பேர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் வந்து சேர்ந்தார்கள். குழந்தையும் உண்டு. அப்போது அமெரிக்காவில் கியூபாக்காரர்களுக்கென்றே ஒரு தனி விதி இருந்தது. பேரே 'ஈரக் கால், காய்ந்த கால்'! கடலில் பிடிபட்டால் உங்கள் கால் ஈரம், வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கரை ஏறிவிட்டால் காய்ந்த கால், தங்கிவிடலாம். 1995-ல் வந்த இந்த ஏற்பாடு 2017 ஜனவரி வரை உயிரோடு இருந்தது.

இந்த 15 பேர் ஏறியது கரையில் இல்லை. 'செவன் மைல் பிரிட்ஜ்' என்கிற பழைய பாலத்தின் ஒரு தூணில். அந்தப் பாலம் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. நடுவில் சில இடங்களில் துண்டு துண்டாக வெட்டியும் எடுத்துவிட்டார்கள். இவர்கள் ஏறிய துண்டுக்கு இரண்டு பக்கமும் கடல்தான். கடலோரக் காவல் படை யோசித்தது. இந்தத் தூணிலிருந்து நடந்து கரைக்குப் போக முடியாது, ஆகவே இது தரை இல்லை, ஆகவே கால் ஈரம். கப்பலில் ஏற்றி கியூபாவுக்கே அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கேஸ் போட்டார்கள். பிப்ரவரி கடைசியில் ஒரு ஃபெடரல் நீதிபதி, அரசு எடுத்த முடிவு நியாயமில்லாதது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து பல வாரம் ஆகியிருந்தது.

சிரிப்பு வருதில்ல? கொஞ்சம் இருங்க. இதே மாதிரி அங்கங்கே அறுந்த ஒரு பாலம் நமக்கும் இருக்கிறது.

நாலாம் திட்டு

ராமேஸ்வரம் டூர் போனவர்கள் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பீங்க. தார் ரோடு முடிகிற இடம். அதற்கு அந்தப் பக்கம் கடலில் வரிசையாக மணல் திட்டுகள் தலைமன்னார் வரைக்கும் போகின்றன. ராமர் பாலம், ஆதாம் பாலம், பேர் எதுவானாலும் சரி. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். திட்டுகளுக்கு மீனவர்கள் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள்: ஒண்ணாம் திட்டு, ரெண்டாம் திட்டு என்று.

1983-லிருந்து இலங்கையில் சண்டை மூளும்போதெல்லாம் இந்த வழியாகத்தான் ஜனங்கள் வந்தார்கள். படகுக்காரருக்குக் கரை வரைக்கும் வர பயம். பிடிபட்டால் படகும் போச்சு, ஆளும் உள்ளே. அதனால் ராத்திரி இருட்டில் ஏதோ ஒரு திட்டில் இறக்கிவிட்டு, இந்தியா வந்தாச்சு என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விடிந்ததும்தான் தெரியும், சுத்திலும் தண்ணீர். குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஒதுங்க ஒரு மரம் இல்லை.

போர் 2009-ல் முடிந்ததும் இந்தக் கதையும் முடிந்தது என்று நினைத்தோம். 2022-ல் இலங்கையின் கஜானா காலியாகி, பால் பவுடருக்கும் மண்ணெண்ணெய்க்கும் க்யூ நின்றபோது மறுபடி ஆரம்பித்தது. அந்த வருஷம் மார்ச் 22-ம் தேதி நாலாம் திட்டில் ஆறு பேர் தவித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒன்று நாலு மாசக் கைக்குழந்தை. நம்ம கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்டில் போய்த் தூக்கி வந்தது. ஜூனில் வந்த ஒரு வயதான தம்பதி கோதண்டராமர் கோயில் பக்கம் கரையில் மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா சில நாட்கள் கழித்து மதுரையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

நாலாம் திட்டு கல்லா, மண்ணா? நம்ம படைக்கு அன்றைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

விசா கிடைக்காத ஒரே பயணம்

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம். ரொம்ப போர் அடிக்க மாட்டேன், ப்ராமிஸ்!

1951-ல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை என்று ஒன்று போட்டார்கள். 140-க்கும் மேற்பட்ட நாடுகள் இப்போது அதில் இருக்கின்றன. இனம், மதம், நாட்டினம், ஏதாவது ஒரு சமூகப் பிரிவு, அரசியல் கருத்து இந்த ஐந்தில் ஒன்றுக்காகத் தன்னைத் துன்புறுத்துவார்கள் என்று நியாயமாகப் பயந்து, சொந்த நாட்டுக்கு வெளியே இருக்கிறவர்தான் அகதி. (பசி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிச்சீங்களா? 2022-ல் பால் பவுடருக்காகக் கடல் தாண்டினவங்க இந்தக் கணக்கில் அகதியே இல்லை!) இதில் கையெழுத்துப் போட்ட நாடு, அப்படி வந்தவரை ஆபத்து இருக்கிற இடத்துக்குத் திருப்பித் தள்ளக் கூடாது. உடன்படிக்கையின் 33-வது பிரிவு. அதன் உயிர்நாடியே இதுதான். அனுமதி இல்லாமல் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கவும் கூடாது என்கிறது 31-வது பிரிவு.

ஏன் இப்படி எழுதினார்கள்? 1939-ல் 'செயின்ட் லூயி' என்கிற கப்பல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 937 பேரோடு கியூபாவுக்குக் கிளம்பியது. அநேகமாக எல்லோரும் யூதர்கள். கியூபா 28 பேரை மட்டும் இறக்கிக்கொண்டது. அமெரிக்கா மாட்டேன் என்றது. கனடாவும் மாட்டேன் என்றது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் படுகொலையில் செத்துப்போனார்கள். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் 33-வது பிரிவை எழுதினார்கள்.

ஆனால் எழுதும்போது ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. தன்னிடம் வந்தவரைத் துரத்தக் கூடாது, சரி. ஆனால் அவர் வந்து சேர வழி செய்ய வேண்டும் என்று எந்த நாட்டுக்கும் கட்டாயம் இல்லை. படிக்கப் போக விசா உண்டு, வேலைக்கு உண்டு, ஹனிமூனுக்குக்கூட உண்டு. உயிர் பிழைக்கப் போகிறேன் என்று தூதரகத்தில் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப ஒரு விசா? அநேகமாக எங்கேயுமே கிடையாது. ஸோ, கால் பட்டால்தான் கணக்கு. பட்ட பிறகு துரத்தினால் சட்ட மீறல். அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டால்? அதற்குப் பேர் எல்லைப் பாதுகாப்பு!

பணக்கார நாடுகள் கடந்த நாற்பது வருஷமாக மூளையைக் கசக்குவது இந்த ஒரு விஷயத்தில்தான்: அந்தக் கால் நம்ம மண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஃப்ளைட்டில் வந்தால் என்ன?

"உயிரைப் பணயம் வெச்சு எதுக்கு ஓட்டைப் படகு? படகுக்காரனுக்குக் குடுக்கிற காசுல ஃப்ளைட் டிக்கெட்டே எடுக்கலாமே?" என்று என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தார்கள், அதுவும் நம்ம ஆட்கள்.

1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் விமானம் ஏறி லண்டன் போய் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். 1985-ல் பிரிட்டன் இலங்கைக்காரர்களுக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தது. காமன்வெல்த் நாடுகளில் அப்படி விசா போடப்பட்ட முதல் நாடு இலங்கை. அப்படியும் 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் வந்து இறங்கினார்கள். திருப்பி விமானத்தில் ஏற்றப் பார்த்தபோது அவர்களில் சிலர் ஓடுபாதைப் பக்கத்திலேயே சட்டை, பேன்ட்டைக் கழற்றிப்போட்டு உள்ளாடையோடு நின்றார்கள். லண்டன் பிப்ரவரிக் குளிரில்! அந்தப் போட்டோ உலகம் சுற்றியது. அவர்களின் வெளியேற்றம் அப்போதைக்கு நின்றது.

அதே வருஷம் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. சரியான பேப்பர் இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால், தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். பயணிக்கு இல்லை, விமான கம்பெனிக்கு! இப்போது ஐரோப்பா முழுக்க இப்படிச் சட்டம் இருக்கிறது. அடுத்த தடவை ஏர்போர்ட்டுக்கு யாரையாவது வழியனுப்பப் போனால் பாருங்கள். செக்-இன் கவுன்ட்டரில் அந்தப் பெண் விசாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் போலீஸும் இல்லை, குடியுரிமை அதிகாரியும் இல்லை. ஆனால் லண்டனின் எல்லை அந்த கவுன்ட்டரிலேயே ஆரம்பித்துவிட்டது. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன் இவருடைய கேள்வியைத் தாண்ட முடியாது. படகுதான் மிச்சம்.

மண்ணையே சுருட்டிய நாடு

இந்த ஆட்டத்தில் கோல்டு மெடல் வாங்கியது, சந்தேகமே இல்லாமல் ஆஸ்திரேலியா.

2001 ஆகஸ்டில் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் 'டாம்பா', மூழ்கிக்கொண்டிருந்த ஒரு படகிலிருந்து 433 பேரைக் காப்பாற்றியது. பெரும்பாலோர் தாலிபானிடமிருந்து தப்பி வந்த ஆப்கன் ஹசாராக்கள். கேப்டன் பக்கத்திலிருந்த ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கப்பலைத் திருப்பினார். ஆஸ்திரேலியா உள்ளே விடவில்லை. ராணுவத்தின் சிறப்புப் படை கப்பலில் ஏறியது. கடைசியில் ஒரு பகுதியினரை நியூசிலாந்து எடுத்துக்கொண்டது. மற்றவர்களை நவ்ரூ என்கிற குட்டித் தீவு நாட்டுக்கு அனுப்பினார்கள். மொத்தமே 21 சதுர கிலோமீட்டர் இருக்கிற நாடு அது.

அடுத்த மாசமே ஒரு சட்டம். கிறிஸ்துமஸ் தீவு ஆஸ்திரேலியாதான், ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கணக்குக்கு மட்டும் ஆஸ்திரேலியா இல்லை! அங்கே கால் வைத்தவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிடிக்கிறவனே பாதி ஆட்டத்தில் "இந்தத் திண்ணை இனிமே மண்ணு" என்று அறிவித்தால் எப்படி இருக்கும்? அதோடு விட்டார்களா? 2013 மே மாசம் மொத்தக் கண்டத்தையுமே இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதாவது, படகில் வந்து சிட்னி கடற்கரையிலேயே இறங்கினாலும், சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஆஸ்திரேலியாவின் குடியேற்ற எல்லைக்குள் வரவே இல்லை. இன்னும் ஒரு படி மேலே. படகில் வந்தவர்களுக்கு பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையும் 'அனுமதியின்றிக் கடல் வழியே வந்தவர்'தான் என்று 2014-ல் அங்கே கோர்ட்டே சொன்னது. அந்தக் குழந்தை கடலையே பார்த்ததில்லை, பாஸ்!

அதே 2014 ஜூனில் நம்ம புதுச்சேரியிலிருந்து ஒரு படகு கிளம்பியது. உள்ளே 157 பேர், இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் சேர்த்து. கிறிஸ்துமஸ் தீவை நெருங்கும்போது ஆஸ்திரேலியா மறித்துத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டது. கரைக்குக் கொண்டுபோகவில்லை. ஏறக்குறைய ஒரு மாசம் கடலிலேயே வைத்திருந்தார்கள். எங்கே இருக்கிறார்கள் என்றுகூட அரசு சொல்ல மறுத்தது. பிறகு நவ்ரூ. அவர்களைக் கடலில் அடைத்தது சரியா என்ற வழக்கில் ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் 'சரிதான்' என்றது. ஏழு நீதிபதிகளில் நாலுக்கு மூன்று! இன்னொரு படகில் வந்த 41 இலங்கைக்காரர்களை நடுக்கடலிலேயே சில கேள்விகள் கேட்டுவிட்டு இலங்கைக் கடற்படையிடமே ஒப்படைத்தார்கள். யாரிடமிருந்து தப்பி வந்ததாகச் சொன்னார்களோ, அந்த அரசின் கையிலேயே.

அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலிய அரசு ஒரு விளம்பரம் போட்டது. கொந்தளிக்கிற கடல், நடுவில் ஒரு சின்னப் படகு, படகில் வந்தால் ஆஸ்திரேலியா உங்கள் வீடாக முடியாது என்று மேலே எழுத்து. பல மொழிகளில் வந்த அந்த விளம்பரம் சுத்தமான தமிழிலும் வந்தது. தமிழுக்கு எங்கெல்லாம் மரியாதை, பாருங்க!

அரசு தரப்பிலும் ஒரு நியாயம் சொன்னார்கள். அதை மறைக்கக் கூடாது. 2008-க்கும் 2013-க்கும் நடுவில் ஆஸ்திரேலியா வரும் வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலில் மூழ்கிச் செத்தார்கள். படகு நின்றால் சாவும் நிற்கும், ஏஜென்ட்டுகளின் பிழைப்பும் நிற்கும் என்றார்கள். படகுகள் பெரும்பாலும் நின்றன, உண்மை. ஆனால் எனக்கு இதில் நெருடுவது வேறு. படகு கிளம்பவில்லை என்றால் கிளம்பாதவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தமா? அவர் எங்கே செத்தாலும் அது ஆஸ்திரேலியாவின் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

நவ்ரூவில் என்ன நடந்தது தெரியுமா? 2018-ல் அங்கே இருந்த குழந்தைகளில் சிலர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு பேச்சை நிறுத்தினார்கள். பிறகு படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. உடம்பில் நோய் இல்லை, மனசு ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிட்டது. டாக்டர்கள் கத்தி, மக்கள் கத்தி, 2019 பிப்ரவரிக்குள் குழந்தைகள் எல்லோரையும் அங்கிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்த குர்திஷ் பத்திரிகையாளர் பெஹ்ரூஸ் பூச்சானி ஒரு புத்தகமே எழுதினார். பேப்பரில் இல்லை, ஒளித்து வைத்த செல்போனில், வாட்ஸ்அப் மெசேஜாக, துண்டு துண்டாக. அந்தப் புத்தகம் 2019-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில இலக்கியப் பரிசை வாங்கியது. பரிசு வாங்க அவரால் மேடைக்குப் போக முடியவில்லை. அவருக்குத்தான் ஆஸ்திரேலியாவில் கால் வைக்க அனுமதி இல்லையே!

பிரிட்டன், ஆனால் பிரிட்டன் இல்லை

ஆஸ்திரேலியா சட்டம் போட்டு மண்ணைச் சுருட்டியது. பிரிட்டனிடம் ஏற்கெனவே அப்படி ஒரு மண் ரெடியாக இருந்தது.

2021 அக்டோபர். கனடா போகப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு இந்தியப் பெருங்கடலின் நடுவில் பழுதாகி நின்றது. உள்ளே 89 பேர், இலங்கைத் தமிழர்கள். காப்பாற்றி டியாகோ கார்சியா தீவில் கொண்டு விட்டார்கள். பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. பிரிட்டனுக்குச் சொந்தமாக இருந்து, அமெரிக்க ராணுவத் தளமாக ஓடுகிற தீவு. (அங்கே பரம்பரையாக வாழ்ந்த சாகோஸ் மக்களைத் தளத்துக்காகவே பிரிட்டன் துரத்தியது தனிக் கதை.) கால் பட்டாச்சு, பிரிட்டிஷ் மண், அடைக்கலம் கேட்டார்கள். அந்தத் தீவில் அப்படிக் கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான்.

பதில் என்ன வந்திருக்கும், கண்டுபிடிங்க? இது பிரிட்டனின் ஆட்சிப் பகுதிதான், ஆனால் பிரிட்டன் இல்லை. 1951 உடன்படிக்கை இந்தத் தீவுக்கு நீட்டிக்கப்படவே இல்லை!

கால்பந்து மைதானம் அளவு வேலிக்குள், டென்ட்டில், எலிகளோடு மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். தற்கொலை முயற்சிகள் நடந்தன. இதற்கிடையே சிலர் வேறு படகில் கிளம்பிப் போனார்கள். 2024 டிசம்பரில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அவர்கள் போய் இறங்கிய சில நாளிலேயே அந்தத் தீவின் நீதிமன்றம், இவ்வளவு காலம் இவர்களை அடைத்து வைத்ததே சட்டவிரோதம் என்று தீர்ப்புக் கொடுத்தது.

ஐரோப்பியக் கோர்ட் ஒருமுறை இந்த ஆட்டத்தை அழகாகப் பிடித்தது. 2009-ல் இத்தாலி, கடலில் மறித்த சுமார் 200 பேரைத் தன் கப்பலில் ஏற்றி லிபியாவில் கொண்டுபோய் இறக்கியது. சோமாலியா, எரித்ரியாக்காரர்கள் 24 பேர் கேஸ் போட்டார்கள். இத்தாலியக் கப்பலின் தளத்தில் ஏறிய நிமிஷமே அவர்கள் இத்தாலியின் கையில் வந்துவிட்டார்கள் என்று 2012-ல் தீர்ப்பு. கப்பலும் மண்தான்! இத்தாலி அதற்குப் பிறகு என்ன செய்தது தெரியுமா? 2017-லிருந்து லிபியக் கடலோரக் காவல் படைக்குப் படகும் பணமும் பயிற்சியும் கொடுக்கிறது. பிடிப்பது லிபியா, இத்தாலியக் கப்பலில் யாரும் ஏறுவதே இல்லை. 2014-லிருந்து மத்தியதரைக் கடலில் செத்தவர்கள், காணாமல் போனவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல்.

எல்லாம் இப்படித்தான் என்று நினைக்காதீங்க. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் பக்கம் பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு லைஃப் போட்டுகள் மிதந்தன. 155 தமிழர்கள். மீன் பிடிக்கப் போன உள்ளூர்க்காரர்கள் பார்த்துத் தூக்கினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். ஆனால் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில் என்று பிறகு தெரிந்தது. பொய் சொன்னார்கள் என்று சிலர் கொதித்தார்கள்தான். ஆனாலும் கனடா தங்கவிட்டது, வேலை செய்யவும் அனுமதித்தது. முப்பது வருஷம் கழித்து 2016-ல் அவர்களில் சிலர் அந்த மீனவரைத் தேடிப்போய்க் கட்டிப்பிடித்தார்கள். அதே கனடாவுக்கு, அதே ஆகஸ்ட் மாசம், 2010-ல் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் போனபோது எல்லோரையும் அடைத்து வைத்தார்கள். 2012-ல் கும்பலாக வருகிறவர்களைக் கட்டாயமாகச் சிறைவைக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். நாடும் அதேதான், வந்த ஜனங்களும் அதே ஜனங்கள்தான். நடுவில் 24 வருஷம்.

சரி, நம்ம கதை?

இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. இலங்கையும் போடவில்லை. தெற்காசியாவில் போட்ட ஒரே நாடு எது தெரியுமா? ஆப்கானிஸ்தான்! 2005-ல்.

நம்மிடம் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம்தான் ரொம்ப காலம் இருந்தது. அதில் அகதி என்ற சொல்லே இல்லை. டூரிஸ்ட்டும், உளவாளியும், நாலாம் திட்டில் நின்ற கைக்குழந்தையும் அதில் ஒன்றுதான்: வெளிநாட்டவர். 2025 செப்டம்பரில் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்தது. அதிலும் அகதிக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

ஆனாலும் திபெத்தியர்களை வைத்துக்கொண்டோம். 1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து கோடிப் பேர் வந்தபோது வைத்துக்கொண்டோம். இலங்கையிலிருந்து லட்சக்கணக்கில் வந்தார்கள், தமிழ்நாடு முகாம் போட்டது, அரிசி கொடுத்தது, ஸ்கூலில் சேர்த்தது. சட்டம் இல்லாமலே இவ்வளவு நல்ல மனசு! பிரச்னையும் அதுதான். மனசு மாறினால் கேட்க ஆள் இல்லை. 2018 அக்டோபரில் அஸ்ஸாமிலிருந்து ஏழு ரோஹிங்யாக்களை மியான்மருக்கே அனுப்பிவைத்தோம். உச்ச நீதிமன்றம் தடுக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சேர்த்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நம்ம பக்கத்திலேயே இருக்கிற இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2025-ல் ஒரு சின்ன நல்லது நடந்தது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. குடியுரிமை இல்லை, தண்டனை இல்லை, அவ்வளவே. தேதியைப் பார்த்தீங்களா? நாலாம் திட்டுக் குழந்தை வந்தது 2022.

அந்தக் குழந்தை போன இடம் மண்டபம் முகாம். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற நம்ம ஊர்க் கூலிகளை நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்த இடம் அது. அன்றைக்கு அங்கிருந்து கப்பல் ஏறியவர்களின் பேரன், பேத்திகளில் பலர் பிறகு அகதியாக அதே வாசலுக்குத் திரும்பி வந்தார்கள்.

1986-ல் அந்த முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வளர்ந்து பாஸ்போர்ட் கேட்டார், தரவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று சட்டம் சொல்கிறதே என்று எடுத்துக்காட்டினார். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாக உத்தரவு போட்டது. 2024 தேர்தலில், 38 வயதில், முதல் தடவையாக விரலில் மை வைத்துக்கொண்டார். நல்ல செய்திதான். ஆனால் அதே முகாமில் 1987 ஜூலை 2-ம் தேதி ஒரு தம்பி பிறந்திருந்தால்? அம்மா, அப்பாவில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், அவன் பிறந்த மண் கணக்கில் வராது. அக்காவுக்குக் கல், தம்பிக்கு மண்.

நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பேரை மாற்றியது. உள்ளே இருக்கிறவர்களில் பலர் இலங்கையைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அங்கிருந்து காலேஜுக்கு பஸ் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவேளை உங்க கிளாஸிலேயே இருக்கலாம். இன்டர்னல்ஸில் உங்களைவிட நாலு மார்க் கூட வாங்குகிறவனாகவும் இருக்கலாம். பேச்சில் வித்தியாசம் தெரியாது. கேன்டீனில் தெரியாது. ஃபைனல் இயரில் ஒரு நாள் பிளேஸ்மென்ட் ஃபார்ம் வரும். பேர், டிப்பார்ட்மென்ட், அரியர் இருக்கா என்றெல்லாம் எழுதிக்கொண்டே வந்தவன், 'நேஷனாலிட்டி' என்கிற கட்டத்தில் பேனாவை நிறுத்துவான். அதற்குக் கீழே 'பாஸ்போர்ட் நம்பர்'. அவன் மெதுவாகப் பேனாவை மூடிவிட்டு உங்களைப் பார்த்துச் சொல்வான்: "நீ முதல்ல போய்க் குடுத்துட்டு வா மச்சி. நான் அப்புறம் வரேன்."